அவதிப் பாதையும் நுரைச்சோலையும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதி, கிழக்கே புத்தளம் களப்பையும் மேற்கே பெருங்கடலையும் எல்லையாகக் கொண்ட ஒடுங்கிய மணற்றரையினூடாகச் செல்வது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டங்கள், தென்னந்தோப்புகள், கரைவலை இழுப்போரின் வாடிகள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், கோயில்கள் என அடுத்தடுத்து வரும் இக்காட்சிகளுக்கு மேலாக இன்று ஒரு புகைபோக்கி நிற்கின்றது. அதன் உயரம் ஏறக்குறைய 150 மீற்றர். நுரைச்சோலை அனல் மின்நிலையம் என மக்களும் லக்விஜய மின்நிலையம் என அரச ஆவணங்களும் அழைக்கும் இந்நிலையம், தலா 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று பிறப்பாக்கிகளைக் கொண்டது. இலங்கையின் முதலாவது நிலக்கரி மின்நிலையமும் இன்றளவில் அதன் மிகப் பெரிய மின்நிலையமும் இதுவே.

இந்நிலையத்தின் வரலாற்றைக் காலவரிசைப்படி நோக்குவோரை ஒரு செய்தி வியப்பில் ஆழ்த்தும். அடிக்கல் நாட்டப்பெற்றது 2006 மே 11 ஆம் நாள். முதலாவது பிறப்பாக்கி தேசிய மின்வலையமைப்புக்கெனத் திறந்து வைக்கப்பட்டது 2011 மார்ச் 22 ஆம் நாள். இடைப்பட்ட காலம் ஐந்தாண்டுகளுக்கும் குறைவு. ஆனால் நிலக்கரியால் மின்சாரம் ஆக்குவது என்னும் எண்ணம் இலங்கை மின்சார சபையின் திட்டங்களில் இடம்பெற்றதோ 1980களின் முற்பகுதியில். கட்டுவதற்குச் சென்ற காலத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட காலம், கட்டலாமா, எங்கே கட்டலாம் என்பதிலேயே கழிந்திருக்கின்றது. பெரும் வேலைகளுக்குக் கால அட்டவணை வகுக்கும் கலை உலகெங்கும் பெரிதும் வளர்ந்திருந்த அதே காலப்பகுதியில் இது நிகழ்ந்தது என்பதே சிந்தனைக்குரியது.

அக்கலையின் பிறப்பை முதலில் நோக்குதல் பொருத்தமுடையது. முதலாம் உலகப் போரை அண்டிய ஆண்டுகளில் ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பரவச் செய்த பட்டை வரைபடமே நெடுங்காலம் வேலைத்தலங்களை ஆண்டது. எவ்வேலை எத்தினத்தில் தொடங்கி எத்தினத்தில் முடியும் என்பதை அது கண்ணுக்குக் காட்டும். ஆனால் ஒரு வேலை பிந்தினால் வேறு எவ்வெவ் வேலைகள் பிந்தும் என்பதை அது காட்டாது. இக்குறையை நீக்கும் முயற்சி 1957 அளவில் டூபொன்ட் என்னும் இரசாயனக் கம்பனியில் தொடங்கிற்று. அக்கம்பனியைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும் றெமிங்டன் ரான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் யூனிவாக் என்னும் ஆரம்பகாலக் கணினியின் துணையுடன் வகுத்த முறையே பின்னர் அவதிப் பாதை முறை எனப் பெயர் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை 'பேர்ட்' எனப்படும் ஒத்த முறையொன்றை அமைத்துக்கொண்டது.

முறையின் உட்பொருள் எளியது. ஒரு செயற்றிட்டத்தை அதன் தொழிற்பாடுகளாகப் பிரித்தல். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய காலத்தை மதித்தல். எது முடிந்த பின்னர் எது தொடங்கலாம் என்பதை அம்புக்குறிகளால் இணைத்து ஒரு வலையமைப்பாக வரைதல். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவ்வலையமைப்பினூடாகச் செல்லும் பாதைகளுள் எது மிக நீண்டதோ அதுவே அவதிப் பாதை. அப்பாதையில் உள்ள வேலையொன்று ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும். ஏனைய பாதைகளில் உள்ள வேலைகளுக்குச் சிறிது தளர்வு உண்டு. அத்தளர்வு தீரும்வரை அவை பிந்தலாம். எனவே மேற்பார்வையாளன் எல்லாவற்றையும் ஒரே பதற்றத்துடன் துரத்த வேண்டியதில்லை. நீண்ட பாதையை மட்டும் காவல் காத்தாற் போதும். பௌதிகவியலில் 'அவதிக் கோணம்' என்பதைக் கற்றோர்க்கு இங்கு 'அவதி' என்பது எல்லைநிலையைக் குறிப்பது என்பது விளங்கும். பேச்சுவழக்கில் அச்சொல்லுக்குத் துன்பம் என்னும் பொருளும் உண்டு. நுரைச்சோலையின் வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தேடிவந்து சேர்ந்துகொள்வதைக் காணலாம்.

இம்முறையின் புகழ் விரைவிற் பரவிற்று. பொலாரிஸ் திட்டம் குறித்த காலத்துக்கு முன்னரே வெற்றி கண்டமைக்கு 'பேர்ட்' முறையே காரணம் எனப் பலரும் எழுதினர். ஆனால் ஹார்வி சப்போல்ஸ்கி என்னும் ஆய்வாளர் 1972 இல் வெளியிட்ட நூலில் வேறொரு முடிவுக்கு வந்தார். அம்முறை வேலையை நடத்தியதைவிட, வெளியார் தலையீட்டிலிருந்து திட்டத்தைக் காத்த கவசமாகவே பெரிதும் பயன்பட்டது என்பது அவர் கண்டது. கணினி வரைந்த பெரும் வலையமைப்பைக் கண்ட அரசியல்வாதியும் கணக்காய்வாளனும் 'இவர்கள் எல்லாவற்றையும் அறிந்து வைத்திருக்கின்றனர்' என்று வாய்மூடிச் சென்றனராம்! கால அட்டவணை என்பது ஒரு கருவி மாத்திரமன்று, அது ஒரு தோற்றமுங் கூட என்னும் இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் அவசியம். 1983 இல் பிரைமவேரா நிறுவனம் தோன்றி, 1984 இல் மைக்ரோசொவ்ற் புரொஜெக்ட் என்னும் மென்பொருளும் வெளிவந்த பின்னர், அத்தோற்றத்தை மேசைக் கணினி வைத்திருக்கும் எவரும் ஒரு பிற்பகலில் உண்டாக்கிக்கொள்ள முடிந்தது.

இலங்கையில் 1980கள் பெருந்திட்டங்களின் காலம். முப்பதாண்டுகளில் நிறைவேற்றுவதென வகுக்கப்பட்டிருந்த மகாவலித் திட்டத்தை, 1977 இல் பதவியேற்ற அரசாங்கம் ஆறாண்டுகளுள் அடக்க முற்பட்டது. துரித மகாவலித் திட்டம் என்னும் பெயரே கால அட்டவணையின் பெயர்தான். அதன் பயனாக 210 மெகாவாற்று விக்ரோறியாவும் 201 மெகாவாற்று கொத்மலையும் அத்தசாப்தத்தின் நடுப்பகுதியில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. நீர்மின்சாரம் பெருகவே நிலக்கரியின் அவசரம் தணிந்தது. வலையமைப்பின் மொழியிற் கூறுவதாயின், நிலக்கரித் திட்டத்துக்கு மகாவலி ஒரு பெருந் தளர்வைக் கொடுத்தது எனலாம். அத்தளர்வு எவ்வாறு செலவழிக்கப்பட்டது என்பதே அடுத்து நோக்கவேண்டியது.

முதலில் எண்ணப்பட்ட இடம் திருகோணமலை. இயற்கைத் துறைமுகம் உள்ள இடம். நிலக்கரிக் கப்பல் எக்காலத்திலும் வந்து சேரத்தக்க ஆழமான நீர். ஆயினும் சூழல் பற்றிய ஐயங்களும், 1983 இன் பின்னர் மூண்ட போரும் அத்தெரிவைக் கைக்கெட்டாததாக்கின. பின்னர் தென்கரையில் மாவெல்ல பற்றிப் பேசப்பட்டது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னரே ஆய்வாளரின் பார்வை கற்பிட்டிக் குடாநாட்டை நோக்கித் திரும்பிற்று. துறைமுகம் ஏதுமற்ற திறந்த கடற்கரை ஒன்று, மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகம் ஒன்றின் இடத்தை இவ்வாறு பெற்றுக்கொண்டது. பொறியியற் காரணங்களைவிட அரசியற் காரணங்களே இவ்விடமாற்றத்தில் மேலோங்கி நின்றன என்று கூறுதல் மிகையாகாது. திருகோணமலையைக் கைவிட்டமைக்கான விலை அன்று எவராலும் கணக்கில் எழுதப்படவில்லை. அது பின்னர் ஆண்டுதோறும் கடலிற் செலுத்தப்படுவதாயிற்று.

நுரைச்சோலையின் பெயர் வெளிவந்ததும் 1990களின் பிற்பகுதியில் அப்பகுதி கொந்தளித்தது. அயலிலுள்ள தலவில் புனித அன்னம்மாள் ஆலயம் தீவெங்கிலுமிருந்து யாத்திரிகரை ஈர்ப்பது. மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் திருவிழாக் காலங்களில் மரநிழல்களிற் குடில் அமைத்துக் குடும்பம் குடும்பமாக மக்கள் தங்குவர். புகையும் சாம்பலும் இப்புனித தலத்தின் அயலில் வருவதைக் கத்தோலிக்க திருச்சபை எதிர்த்தது. கடலில் விடப்படும் சூடான நீர் மீன்வளத்தைப் பாதிக்கும் என மீனவர் அஞ்சினர். மணற்றரையைத் தலைமுறை தலைமுறையாக எருவிட்டுத் தோட்டமாக்கிய விவசாயிகள் அதனை இழக்க விரும்பவில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தினர் ஒரே குரலில் பேசிய அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

இக்குடாநாடு அப்பொழுது வேறொரு சுமையையும் சுமந்துகொண்டிருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்திருந்தனர். ஆலங்குடா முதலிய இடங்களில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்த அவர்களுக்கு 'இன்னும் எத்தனை மாதம்' என்னும் வினாவுக்கு விடை கூறும் வரைபடம் எங்கும் இருக்கவில்லை. நிலமும் நன்னீரும் ஏற்கெனவே பங்கிடப்பட்ட ஒரு மண்ணிலேயே பெருந்திட்டம் ஒன்றுக்கு இடம் தேடப்பட்டது என்பதை இது உணர்த்தும்.

வழமையான வலையமைப்பு வரைபடத்தில் 'காணி சுவீகரித்தல்' என்பது ஒரு சிறு அம்பு. அதன் அருகில் மூன்று மாதம் என்றோ ஆறு மாதம் என்றோ எழுதப்படும். மக்களின் இணக்கம் பெறுதல் என்பதற்கோ பெரும்பாலும் அம்பே இருப்பதில்லை. நுரைச்சோலையில் அந்த வரையப்படாத அம்புதான் மிக நீண்டது. அரசாங்கங்கள் மாறின, ஒன்று முன்வைத்ததை மற்றொன்று ஒத்திவைத்தது, தேர்தல்கள் வந்தன, வெளிநாட்டு உதவி வழங்குவோரும் காத்திருந்தனர். இடையில் மழை பொய்த்தது. 1996 இலும், மீண்டும் 2001-2002 காலத்திலும் நாடு நாளாந்த மின்வெட்டுக்களைக் கண்டது. அவ்விருளை நீக்க அவசர அவசரமாகக் கொள்வனவு செய்யப்பட்ட எண்ணெய் மின்சாரம் விலையுயர்ந்தது. தளர்வு முழுவதும் தீர்ந்துவிட்ட நிலை அது. எதிர்த்து நின்ற மக்களைத் தாமதத்துக்குக் காரணராகக் காட்டுவது எளிது. அவ்வாறு எழுதியோரும் உளர். ஆனால் அவர்கள் கேட்ட வினாக்களுக்கு விடையளித்தலும் திட்டத்தின் ஒரு தொழிற்பாடே. அதனைத் தொடங்காமலே இருந்துவிட்டு, அது முடியவில்லை என்று குறைகூறுவதில் நியாயம் இல்லை.

2006 இன் பின்னர் வேலை விரைந்தது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனும் சீன இயந்திரப் பொறியியற் கூட்டுத்தாபனத்தின் ஒப்பந்தமும் கிடைத்தன. முதற் கட்டத்தின் செலவு 455 மில்லியன் அமெரிக்க டொலர். நிலையத்திலிருந்து வேயாங்கொடைவரை ஏறத்தாழ 115 கிலோமீற்றர் நீளத்துக்கு 220 கிலோவோற்று மின்கம்பிப் பாதை அமைக்கப்பட்டது. 2010 ஒக்டோபரில் கட்டுமானத்தில் இருந்த நிலையத்தில் தீ ஏற்பட்டபோதும், ஐந்து மாதங்களின் பின்னர் திறப்பு விழா நிகழ்ந்தது. இரண்டாம், மூன்றாம் பிறப்பாக்கிகளும் நிறைவுற்று, 2014 செப்டெம்பரில் சீன சனாதிபதியின் வருகையின்போது முழு நிலையமும் திறந்து வைக்கப்பட்டது. இவ்விரைவைப் பாராட்டாதிருத்தல் இயலாது.

ஆயினும் இக்கரையில் வேலை செய்யும் எவரும் சந்திக்கும் ஒரு விதி உண்டு. அது கடலின் விதி. ஏப்பிரல் நடுப்பகுதியளவில் தென்மேற்குப் பருவக்காற்று அறிகுறி காட்டத் தொடங்கும். பின்னர் ஓகஸ்ட் இறுதிவரை, சில ஆண்டுகளில் செப்டெம்பர்வரை, திறந்த கடலிற் பாரமான வேலை எதுவும் நடைபெறுதல் அரிது. இவ்விதி ஒரு கால அட்டவணையை எவ்வாறு மாற்றும் என்பதைக் கற்பனை எண்களைக் கொண்ட ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இவை நுரைச்சோலையின் உண்மையான எண்கள் அல்ல.

மே மாதத்தில் தொடங்கும் ஒரு மின்நிலைய வேலையில் நிலம் திருத்த 4 மாதம், கொதிகலனின் அத்திவாரத்துக்கு 5 மாதம், கொதிகலனைப் பொருத்த 14 மாதம், இறுதிச் சோதனைக்கு 4 மாதம் என்போம். இப்பாதையின் நீளம் 27 மாதம். நிலம் திருத்திய பின் கடலில் இறங்குதுறை கட்ட 16 மாதம் வேண்டும்; நிலக்கரி வந்தாலன்றிச் சோதனை இல்லை. இப்பாதை 4, 16, 4 எனக் கூட்ட 24 மாதம். எனவே இறங்குதுறைக்கு 3 மாதத் தளர்வு உண்டு. கொதிகலனே அவதிப் பாதை. காகிதத்தில் கணக்கு இத்துடன் முடியும். ஆனால் இறங்குதுறை வேலை மே முதல் ஓகஸ்ட்வரை நடவாது எனக் கொண்டால் என்ன நிகழும்? செப்டெம்பரிலிருந்து ஏப்பிரல்வரை எட்டு மாதம், நான்கு மாத ஓய்வு, மீண்டும் எட்டு மாதம். பதினாறு மாத வேலை இருபது மாதமாகிறது. பாதையின் நீளம் 28 மாதமாகி, இறங்குதுறையே அவதிப் பாதையாகிவிடுகிறது.

இன்னும் ஒரு படி செல்லலாம். காணிப் பிணக்கொன்றினால் நிலம் திருத்தும் வேலை ஒரே ஒரு மாதம் பிந்துகிறது என்போம். இறங்குதுறை ஒக்டோபரில் தொடங்கும். முதற் பருவத்தில் ஏழு மாதம், நான்கு மாத ஓய்வு, அடுத்த பருவத்தில் எட்டு மாதம். பதினைந்து மாத வேலை முடிந்தாயிற்று. எஞ்சியதோ ஒரு மாத வேலை. ஆனால் மே பிறந்துவிட்டது! அந்த ஒரு மாத வேலைக்காக இன்னும் நான்கு மாதம் கரையிற் காத்திருத்தல் வேண்டும். 28 மாதத்தில் முடியவேண்டியது 33 மாதத்தில் முடிகிறது. ஒரு மாதத் தாமதம் ஐந்து மாதத் தாமதமாக வளர்ந்துவிடுகிறது. அவதிப் பாதையில் ஒரு நாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்தும் என்னும் பாடநூல் விதி, பருவக்காற்றின் கரையில் இவ்வாறு பொய்த்துப் போகின்றது.

புத்தளக் கரையின் மக்களுக்கு இது புதிய பாடமன்று. நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் பருவம் மாறும்போது குடும்பத்தோடு வேறு கரைகளுக்குச் சென்று வாடி அமைத்து வாழ்வதும், பருவம் முடிந்ததும் திரும்புவதும் நெடுங்கால வழக்கம். புத்தளத்து உப்பளங்களிலும் களப்பு நீரைப் பாத்திகளில் மாற்றி மாற்றித் தேக்கி உப்பு விளைவிப்போர், மழைக்கு முன் வாரிக்கொள்ளாவிடின் விளைந்ததும் கரைந்துவிடும் என்பதை அறிவர். இவர்களுடைய அட்டவணையில் நாட்கள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. இக்காலத்து மென்பொருள்களும் இதனை அறியாதவை அல்ல. எந்தத் தொழிற்பாட்டுக்கும் தனியான நாட்காட்டி ஒன்றை வகுத்து, வேலை நடவாத மாதங்களை அதிற் குறித்துவிட்டால், மேற்காட்டிய கணக்கைக் கணினி கணப்பொழுதிற் செய்து தரும். ஆனால் அம்மாதங்களைக் குறிக்குமாறு கரையை அறிந்த ஒருவர் சொல்லியாக வேண்டும்.

நிலையம் கட்டி முடிந்ததோடு கடலின் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. பாரிய கப்பல்கள் கரையை அண்ட இயலாமையால், அவை ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, தெப்பப் படகுகளுக்கு நிலக்கரி மாற்றப்பட்டு, அவை அதனை இறங்குதுறைக்குக் கொண்டுவருகின்றன. கடல் குழம்பியிருக்கும் மாதங்களில் இவ்வேலை நடவாது. எனவே ஓராண்டுக்கு வேண்டிய நிலக்கரி முழுவதும் ஏறத்தாழ ஏழு மாதத்துள் வந்திறங்குதல் வேண்டும். ஒரு கப்பலில் சுமார் 60,000 தொன். ஆண்டின் தேவை 20 இலட்சம் தொன்னுக்கு மேல். ஆகவே பருவமொன்றுக்கு முப்பத்தைந்து கப்பல்களுக்கு மேல் வேண்டும். ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து ஏப்பிரல் நடுப்பகுதிவரையுள்ள நாட்களை இவ்வெண்ணாற் பிரித்தால், ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு கப்பல் என வரும். கொழும்பில் ஒரு கேள்விப்பத்திரம் ஒரு மாதம் இழுபட்டால், ஐந்து கப்பல்களை எஞ்சிய மாதங்களுள் நெருக்கித் திணிக்க வேண்டியதாகும். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி நிலக்கரிக் கொள்வனவு இழுபறிப்பட்டபோது, மின்சாரம் பற்றிப் பேசியோர் அனைவரும் நாட்காட்டியை நோக்கியது இக்காரணத்தினாலேயே. அவ்வாண்டு மார்ச் இறுதியில் எரிபொருளின்மையாலும் நீர்நிலைகள் வற்றியமையாலும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை அனுபவித்த மக்களுக்கு, நிலக்கரியும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிலக்கரி நிலையம் ஒன்றைத் திருகோணமலைப் பக்கத்தில் அமைக்கும் எண்ணமும் முற்றாக மறைந்துவிடவில்லை. இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் இணைந்து சம்பூரில் ஒரு நிலையம் அமைக்கும் திட்டம் 2006 இலிருந்து பேசப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்த மக்களின் காணிப் பிரச்சினையையும் உடன்கொண்டு, பத்தாண்டுகளின் பின் 2016 இல் கைவிடப்பட்டது. அங்கும் காலம் ஓடியது கட்டுமானத்திலன்று. நுரைச்சோலைக்கு அண்மையில் மாம்புரியிலோ, 2010 இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அவற்றின் வலு சிறிது. ஆனால் கப்பலைத் தடுக்கும் அதே தென்மேற்குக் காற்றே அவற்றுக்கு ஊதியம்.

மே மாதத்தில் தெப்பப் படகுகள் விலகிச் செல்ல, இறங்குதுறை வெறிச்சோடுகின்றது. அடுத்த கப்பல் வரும்வரை நிலையத்தை ஓட்டுவதற்காக மலைபோற் குவிக்கப்பட்ட நிலக்கரி, அக்காற்று மிக வலிதாக வீசும் மாதங்களிலேயே வெட்டவெளியிற் கிடக்கின்றது. காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவது. கரித்தூசி தோட்டங்களிலும் கிணறுகளிலும் காயப்போட்ட துணிகளிலும் படிவதாக நரக்களி முதலிய அயற்கிராமங்களின் மக்கள் ஆண்டுதோறும் முறையிடுகின்றனர். செப்டெம்பர் பிறந்து கடல் அடங்கும்வரை அவர்களும் காத்திருக்கின்றனர்.